உலகம்மாள் வீட்டுக்கு வந்த படிகள்

ஐப்பசி மழை பிடித்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், முத்தாரம்பட்டணத்து நூர் மேட்சிங் சென்டரின் மூன்று படிகளும் கடையை விட்டுக் கிளம்பி, பஜாரைத் தாண்டி, குளத்தங்கரையை ஒட்டியே வந்து, தையல்காரி உலகம்மாள் வீட்டு வாசலில் படுத்துக்கொண்டன. வாசல் தெளிக்க வந்த அவள் அம்மா பேச்சியம்மாள், யாரோ கட்டாமல் விட்ட எருமைக்கன்று என்று நினைத்து முதலில் விரட்டினாள். சிமெண்ட் என்று தெரிந்ததும் அதற்கும் சேர்த்துத் தண்ணீர் தெளித்து, நடுப்படியில் சின்னதாக ஒரு கோலமும் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

"ஏட்டி உலகு, பாய் கடைப் படி வந்திருக்கு."

"எதுக்காம்?" என்றாள் உலகம்மாள், ஊசியில் நூல் கோத்தபடியே.

"கேக்கலை. சும்மா படுத்துக் கெடக்கு."

எங்கள் ஊரின் படிகளைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இங்கே ரோடு போடுவது என்றால் பழைய ரோட்டின் தலைமேல் புது ரோட்டைப் போடுவது. ரோடு உயர்ந்தால் மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வரும், அதனால் புதிதாகக் கட்டுகிறவன் தன் வாசலை இன்னும் இரண்டு அடி தூக்குவான், தூக்கிய வாசலுக்குப் படி வைப்பான், அந்தப் படியும் ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் ஏறும்போது லாபம், நஷ்டம், லாபம் என்று எண்ணிக்கொண்டே போய் லாபத்தில் கால் வைத்து முடிக்க வேண்டும். அடுத்த ரோடு வந்து ஒரு படியை விழுங்கிக் கணக்கு நஷ்டத்தில் நின்றுவிட்டால், பதறிப்போய் வாசலை இடித்து உயர்த்தி இன்னொரு படி சேர்ப்பான். இப்படியே போட்டி போட்டுப் போட்டு, பால்காரர் அண்ணாந்து பார்த்துப் பால் ஊற்றுகிற அளவுக்கு ஊர் வளர்ந்துவிட்டது.

அந்த ஊரில்தான் உலகம்மாள், சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலில் இரண்டு காலும் சூம்பிப்போய், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். கல்யாண ரவிக்கை என்றால் ஊரில் அவள் கைதான். எந்தப் பெண்ணின் இடது தோள் கொஞ்சம் தாழ்ந்தது, எவளுக்கு மூச்சு விட ஒரு விரல் கூடுதலாக விட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். முதுகுப்பக்கம் மயில், மாங்காய், தாமரை என்று அவள் வேலைப்பாடு செய்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் அந்தப் பெண்களில் ஒருத்தி வீட்டுக்குள்ளும் அவள் போனதில்லை, அந்த ரவிக்கைகளில் ஒன்றைக்கூடக் கல்யாண மேடையில் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை நடந்தது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. கத்திரிப்பூ நிறத்தில் லைனிங் துணி வாங்கப் போனவள், வழக்கம்போல் கடைக்குக் கீழே ரோட்டில் நின்றாள். வழக்கமாக ஒரு விற்பனைப் பெண் துண்டு துண்டாகக் கொண்டுவந்து காட்டுவாள், ரோட்டு வெளிச்சத்தில் ஒரு நிறமும் கடை விளக்கில் ஒரு நிறமுமாக இருக்கும், ஒரு மாதிரி ஒத்துப்போகிறதை எடுத்துக்கொண்டு வருவாள். அன்று முகூர்த்தக் கூட்டம், தூறல் வேறு, யாரும் இறங்கி வரவில்லை. உலகம்மாள் நனைந்துகொண்டே நெடுநேரம் நின்றாள். பிறகு அந்த மூன்று படிகளையும் பார்த்து, "சரி, நீங்க நல்லாருங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள். அவள் சபிக்கிற ஆளே கிடையாது. படிகளுக்குத்தான் மனசு கேட்கவில்லை.

கடைக்காரர் சாகுல் பாய் பத்து மணிக்கு வந்தார், வேட்டியில் சேறு, முகத்தில் சங்கடம்.

"என்ன உலகம்மா, நம்ம கடைப் படி இங்க வந்துட்டாமே?"

"ஆமா பாய். நான் கூப்பிடலை."

"நீ கூப்பிடுவியாம்மா? அதுங்களுக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு" என்று லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய், கொத்தனார் வைத்துப் பூசினார். மறுநாள் விடியும்போது மூன்றும் ஈரச் சிமெண்டு வடிய வடிய உலகம்மாள் வாசலில் இருந்தன, கூடவே பல் டாக்டர் தனசிங்கின் ஐந்து படிகளும் இருந்தன.

அதன் பிறகு தினமும் வந்தன. மாவு மில் படி வந்தது, போட்டோ ஸ்டுடியோ படி வந்தது, நகராட்சி அலுவலகத்தின் ஏழு படிகளும் வெற்றிலைக் கறையோடு ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வந்தன, முத்தாரம்மன் கோயில் படி மஞ்சள் குங்குமத்தோடு வந்தது. கோயில் பூசாரி மட்டும் கலங்கவில்லை. அம்மன் வீட்டுப் படி உறவுக்காரி வீட்டுக்கு விருந்து போயிருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஒரு தேங்காயை அங்கேயே கொண்டுவந்து உடைத்துவிட்டுப் போனார். எல்லாம் என்றோ ஒருநாள் அவளைக் கீழேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிய படிகள் என்று ஊருக்கு மெல்லத்தான் புரிந்தது. உபயம் இன்னார் என்று பெயர் வெட்டிய படிகளை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. வெறும் சிமெண்டுப் படிகளுக்குத்தான் இது உன்னுது, அது என்னுது என்று சண்டை வந்தது.

கடைசியாக ஒரு கூட்டம் வந்தது. ஓரம் தேய்ந்து வழவழத்துப்போன பழைய கல்படிகள், மற்றவற்றுக்குப் பின்னால், வெட்கப்பட்டுக்கொண்டு முருங்கை மரத்தடியில் ஒதுங்கி நின்றன. ஊரில் யாருக்கும் அவை எந்த இடத்துப் படிகள் என்று தெரியவில்லை. உலகம்மாளுக்குத் தெரிந்தது. அவள் ஐந்தாம் வகுப்பு வரை படித்த பள்ளிக்கூடத்தின் மாடிப்படிகள் அவை. ஆறாம் வகுப்பு மாடியில் இருந்ததால் அவள் படிப்பு அந்தப் படிகளின் அடியில் முடிந்துபோனது. அந்தப் பள்ளிக்கூடத்தை இடித்தே வெகுகாலம் ஆகிறது. அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அருகே போய், முதல் படியின் மேல் கையை வைத்து, "இப்பதான் உங்களுக்கு வழி தெரிஞ்சுதாக்கும்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

படி போன ஊர் என்ன பாடுபட்டது என்று சொல்ல வேண்டுமே. கடைகளும் ஆபீசுகளும் வாசல் என்கிற வாயைப் பிளந்துகொண்டு அந்தரத்தில் நின்றன. ஸ்டூல் போட்டார்கள், கயிறு கட்டினார்கள், மணல் மூட்டை அடுக்கினார்கள், மூட்டை கிழிந்து விழுந்தார்கள். நானே பல் வலியோடு கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டுதான் தனசிங் டாக்டரிடம் போனேன், பாதிக் கயிற்றில் வலி எந்தப் பல்லில் என்பதே மறந்துவிட்டது. வக்கீல் மீனாட்சிநாதனை நாலு பேர் நாற்காலியில் வைத்து நகராட்சிக்குள் தூக்கினார்கள். மனிதர் நூறு கிலோ, நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது, தெருவில் நின்றவர்கள் "ஐயோ பாவம்" என்றார்கள். பாங்கு வாசலில் காசோலையைக் கீழே நின்று நீட்டியவர்கள், மாவு வாங்கக் கீழே நின்று கத்தியவர்கள், ஒரு பெண் இறங்கி வந்து காட்டுவாளா என்று மேட்சிங் சென்டர் வாசலில் மழையில் காத்திருந்தவர்கள் என்று ஊரே அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்துப் பிடித்துக்கொண்டது.

இதற்கெல்லாம் நடுவில் உலகம்மாளுக்கும் நிம்மதி இல்லை. அவள் மேல் பிரியப்பட்டு வந்த படிகளெல்லாம் வாசலை அடைத்துப் படுத்ததில், அவள் நாற்காலி அவள் வீட்டை விட்டே வெளியே போக முடியவில்லை. "பாசம் வச்சா போதுமா, கொஞ்சம் அறிவும் வேண்டாமா? தள்ளிப் படுங்க" என்று அவள் அதட்டினால், மாடுகள் போல முனகிக்கொண்டு நகர்ந்து வழிவிடும், கொஞ்ச நேரத்தில் மறுபடி நெருங்கி வந்துவிடும்.

நகராட்சித் தலைவர் செல்லப்பா ஒரு யோசனை செய்தார். எங்கள் ஊருக்கு எந்தச் சிக்கல் வந்தாலும் அதற்கு ஒரு விழா எடுப்பதுதான் வழக்கம். உலகம்மாளுக்குப் பாராட்டு விழா நடத்திவிட்டால் படிகள் சமாதானமாகிவிடும் என்று, மார்க்கெட் திடலில் ஐந்து படி வைத்து உயரமாக மேடை போட்டார்கள். தலைவர்களெல்லாம் மேடையில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பாராட்டுக்கு உரியவள் கீழே இருக்கிறாள் என்பது யாருக்கோ உறைத்தது. ஒருவர் மேடை விளிம்பில் படுத்துக்கொண்டு, கையை நீட்டி அவள் தோளில் சால்வையை எறிந்தார். உலகம்மாள் கும்பிட்டுவிட்டு நாற்காலியைத் திருப்பினாள். ஐந்து மரப்படிகளும் பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, லொடக் லொடக் என்று அவள் பின்னால் போய்விட்டன. மேடையில் மாட்டிக்கொண்டவர்களை இறக்கத் தீயணைப்பு வண்டி வர வேண்டியதாயிற்று.

முதலில் புத்தி வந்தது சாகுல் பாய்க்குத்தான். கார்த்திகை முகூர்த்தமும் கைவிட்டுப் போகிறதே என்ற கவலையில், படி இல்லாவிட்டால் போகிறது என்று மண்ணைக் கொட்டி ஒரு சரிவு போட்டார். அது நேரே வானத்தைப் பார்த்தது. தண்ணீர் கேன்காரர் ஏறியதைவிட வேகமாக இறங்கினார். உலகம்மாள் வந்து பாதி ஏறி, மூச்சு வாங்கி, பின்னாலேயே உருண்டு கீழே வந்து, "பாய், சறுக்குமரமா கட்டியிருக்கீங்க? இன்னும் நீட்டுங்க" என்றாள். நீட்டினார். இன்னும் நீட்டச் சொன்னாள். பக்கத்துப் பாத்திரக்கடை வாசலை மறைக்கிறது என்று சண்டை வந்தது, பாத்திரக்கடைக்காரருக்கும் படி போய்விட்டதால் சண்டை பாதியில் நின்று, இரண்டு கடைக்கும் சேர்த்து ஒரே நீளச் சரிவாகப் போட்டார்கள். அன்று உலகம்மாள் தன் கையால் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு மேட்சிங் சென்டருக்குள் போனாள். அலமாரி அலமாரியாகப் போய் ஒவ்வொரு துணியையும் தொட்டாள். கத்திரிப்பூ நிறத்திலேயே இத்தனை நிறம் இருக்கிறதா என்று அவள் ஆச்சரியப்பட்டு நின்றபோது, சாகுல் பாய் கடையில் மிச்சமிருந்த விளக்குகளையும் போட்டுவிட்டார். மறுநாள் காலையில் அவர் கடைப் படிகள் தாமாகவே திரும்பி வந்து, சரிவுக்குப் பக்கத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன.

விஷயம் பரவியது. அவள் உள்ளே வந்தால் படி திரும்பும். உடனே ஊர் முழுவதும் சரிவு போட ஆரம்பித்தது. அவள் மேல் உள்ள அன்பினால் போட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அவரவர் படிக்காகத்தான் போட்டார்கள். ஆனால் போட்ட பிறகு பார்த்தால், முட்டி வலிக்காரர்கள் வந்தார்கள், நிறைமாதப் பிள்ளைத்தாய்ச்சி வந்தாள், இத்தனை நாள் எந்த வீட்டில் இருந்தார்கள் என்றே தெரியாத ஆட்கள் கைத்தடியோடும் சக்கரத்தோடும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். எங்கள் ஊரில் இவ்வளவு பேரா என்று எங்களுக்கே வெட்கமாகிவிட்டது.

மார்கழி முடிவதற்குள் உலகம்மாள் வாசல் காலியானது. போக இடமில்லாத பள்ளிக்கூடத்துப் படிகள் மட்டும் முருங்கை மரத்தடியில் தங்கிவிட்டன.

தை பிறந்ததும் அவள் தம்பி கோமதிநாயகத்துக்குக் கல்யாணம். பெண் மாரிச்செல்வி, பக்கத்துத் தெரு. மண்டபம் பூபாலன் மகால். ஊரில் சரிவு இல்லாத ஒரே கட்டடம் அதுதான், ஏனென்றால் படி போகாத ஒரே கட்டடமும் அதுதான். தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போட, மற்ற இரண்டையும் அவன் கூடப்பிறந்தவள் பெண்ணுக்குப் பின்னால் நின்று போட வேண்டும். உலகம்மாளுக்கு இருப்பது ஒரே தம்பி, அவள் வாழ்நாளில் அவளுக்கு வரக்கூடியது அந்த இரண்டே முடிச்சுகள்தான்.

மண்டபத்துக்காரர் பூபாலன் அண்ணாச்சி பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "நம்ம படி மானமுள்ள படி. பதினொண்ணும் கருங்கல்லு, வாஸ்து பாத்து வச்சது. சரிவு போட்டா லெட்சுமி வழுக்கிட்டுல்லா போயிருவா."

"லெட்சுமி உள்ள வாறதுக்கும் அதுதான அண்ணாச்சி லேசு?" என்று மாரிச்செல்வி கேட்டாள். கல்யாணப் பெண் இப்படி வாய் பேசலாமா என்றுதான் பதில் வந்தது.

அந்தப் படிகள் வராததற்குக் காரணம் மானம் அல்ல. உலகம்மாள் அங்கே போனதே இல்லை, போகாதவளை எப்படித் திருப்பி அனுப்புவது? பல வருஷங்களுக்கு முன் வெளியூரில் அத்தை மகள் கல்யாணத்தில் அவளை நாற்காலியோடு தூக்கினார்கள். ஒருவன் கை வழுக்கியது, நாற்காலி சாய்ந்தது, சேலை முட்டிக்கு மேல் ஏறியது, அவளுக்கு இழுத்துவிடக் கை எட்டவில்லை, மண்டபமே பார்த்தது. அதோடு அவள் கல்யாணத்துக்குப் போவதை விட்டுவிட்டாள்.

"அக்கா, எனக்காக ஒரே ஒரு தடவை தூக்க விடேன்" என்று தம்பி வந்து நின்றான். "இல்லன்னா சித்தி மக வசந்தி முடிச்சு போடட்டும்னு பெரியவங்க சொல்லுதாங்க."

"நாயகம், பொம்மையத்தான்டா தூக்கிட்டு வந்து வைப்பாங்க. முடிச்சு போடுறவ தானா வரணும்" என்றாள் உலகம்மாள். அவள் மாரிச்செல்வியின் ரவிக்கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, முதுகில் விட்ட இடத்திலிருந்து தைக்க ஆரம்பித்தாள்.

முகூர்த்தத்தன்று அவள் மாம்பழ நிறப் பட்டு கட்டி, தலை நிறையப் பூ வைத்து, தெருவழியாகத் தானே தள்ளிக்கொண்டு வந்து பூபாலன் மகால் வாசலில் நின்றாள். மேலே நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தது. பந்தி சாம்பார் வாசம் தெரு வரை வந்தது. வந்தவர்களெல்லாம் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, லாபம் நஷ்டம் எண்ணிக்கொண்டு ஏறிப் போனார்கள்.

உள்ளே அய்யர், "நாத்தனாரை வரச் சொல்லுங்கோ" என்றார். வசந்தி எழுந்து வந்து பெண்ணுக்குப் பின்னால் நின்றாள். மாரிச்செல்வி இரண்டு கையாலும் தன் கழுத்தைப் பொத்திக்கொண்டாள்.

"எங்க மதினி வராம இந்தக் கழுத்துல எதுவும் ஏறாது."

தாலியைக் கையில் வைத்திருந்த கோமதிநாயகம் அவளைப் பார்த்தான். பிறகு தாலியைத் தட்டிலேயே வைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கினான். மேளக்காரர்கள் என்ன வாசிப்பதென்று தெரியாமல் நிறுத்திவிட்டார்கள்.

வாசலில் வெயில் ஏறியது. உலகம்மாள் நிழலுக்காக நாற்காலியைச் சற்றே திருப்பினாள். அவ்வளவுதான், கீழ்ப்படி கரகரவென்று அசைந்தது. அதைப் பார்த்துத் தூக்கம் கலைந்ததுபோல் இரண்டாவது அசைந்தது, மூன்றாவது அசைந்தது. மேலே நின்றிருந்த பூபாலன் அண்ணாச்சிக்கு வேர்த்துவிட்டது. ஊர் முழுக்க அவர் மண்டபத்துக்குள் இருந்தது, படி போய்விட்டால் அத்தனை பேரும் அந்தரத்தில்தான்.

"தாயி, திரும்பாத! வீட்டுக்குப் போயிராத!" என்று ஓடி வந்தார்.

"நான் எங்க அண்ணாச்சி போறேன்? என் தம்பி கல்யாணம்லா. வெயிலு அடிக்கி, அதான்."

"தூக்கச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்."

"வேற என்னதான் தாயி செய்யணும்?"

"உங்களுக்குத் தெரியாதா? ஊரே செஞ்சுட்டு, நீங்கதான் பாக்கி."

அண்ணாச்சி வாயைத் திறப்பதற்குள் கோமதிநாயகம் பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தி மேசைப் பலகைகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். அவன் பின்னால் சாகுல் பாய் அரிசி மூட்டையோடு வந்தார், தனசிங் டாக்டர் செங்கல்லோடு வந்தார், வக்கீல் மீனாட்சிநாதன் யாரும் கேட்காமலே கோட்டைக் கழற்றிவிட்டு மணல் அள்ளினார். இரண்டு மாதமாகச் சரிவு போட்டுப் போட்டு எங்கள் ஊரில் எல்லோருமே கொத்தனார்தான். சரிவு நீண்டது, இன்னும் நீட்டு என்று பத்துப் பேர் கத்தினார்கள், தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கத்து டீக்கடை வரை போனது, டீக்கடைக்காரர் பெஞ்சை உள்ளே இழுத்துக்கொண்டார். நடுவில் பலகை தொய்ந்தது. முட்டுக் கொடுக்க ஒன்றும் இல்லாமல் எல்லோரும் கையைப் பிசைந்தபோது, தெருமுனையில் கூட்டம் விலகி வழிவிட்டது. முருங்கை மரத்தடியில் இருந்த பள்ளிக்கூடத்துப் படிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, குனிந்து, பலகைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டன.

அய்யர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, அடுத்த நல்ல நேரமும் ஒன்றும் குறைந்ததில்லை என்று சொல்லிவிட்டார்.

உலகம்மாள் வளையல்களை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு சக்கரத்தில் கை வைத்தாள். பாதி வழியில் அவள் வேகம் குறைவதைப் பார்த்து யாரோ பின்னாலிருந்து தள்ளக் கையை நீட்ட, சாகுல் பாய் அதைத் தட்டிவிட்டார். "அவ வருவா." வந்தாள். வேர்வை வழிய, பூ சரிய, மூச்சு இரைக்க, மண்டபத்து வாசலுக்குள் வந்தாள். மணமேடைக்கு இருந்த மரப்படியைக் காலால் ஒதுக்கிவிட்டு, தம்பி ஒரு கதவைக் கழற்றிப் போட்டிருந்தான், அதிலும் ஏறினாள். மாரிச்செல்வி கழுத்திலிருந்து கையை எடுத்தாள்.

கெட்டிமேளம் கொட்டியது. தம்பி முதல் முடிச்சைப் போட்டுவிட்டுக் கயிற்றை அக்காவிடம் கொடுத்தான். உலகம்மாள் பெண்ணின் ஜடையை ஒதுக்கினாள். அவளுக்கு முன்னால், கைக்கெட்டும் தூரத்தில், அவள் தைத்த முதுகு இருந்தது. அரக்கு நிறத்தில் ஒரு தாமரை, மேடை விளக்கில், பூவும் சந்தனமும் படிந்து, மூச்சு விடவிட விரிந்து சுருங்கியது. தான் தைத்தவை கல்யாணத்தில் இப்படித்தான் இருக்குமா என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மேளக்காரர்கள் கை வலிக்கக் கொட்டினார்கள்.

"உலகு, முடிச்சைப் போடுட்டி" என்றாள் அம்மா, அழுதுகொண்டே.

இரண்டாவது முடிச்சைப் போட்டாள். மூன்றாவதைப் போடப் போனவள், கழுத்தோரம் ஒரு நூல் பிசிறு நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். குனிந்து அதைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு, மூன்றாவது முடிச்சை இறுக்கினாள். மாரிச்செல்வி கூச்சத்தில் சிரித்துவிட்டாள். எல்லோரும் தூவிய அட்சதை இரண்டு பேர் தலையிலும் விழுந்தது.

அந்தச் சரிவை அண்ணாச்சி பிரிக்கவில்லை. அடுத்த வாரமே மேலே சிமெண்ட் பூசிவிட்டார், லெட்சுமிக்கு வசதியாக இருக்கும் என்று அவரே சொல்லிக்கொண்டு திரிந்தார். பள்ளிக்கூடத்துப் படிகள் அதற்கடியிலேயே தங்கிவிட்டன.

கல்யாணத்தன்று சாயங்காலம், மறுவீட்டுப் பலகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு உலகம்மாள் வீட்டுக்குத் திரும்பினாள். குளத்தங்கரையில் ஒரு இடத்தில் நாற்காலியை நிறுத்தி, பழக்கதோஷத்தில் திரும்பிப் பார்த்தாள். அவள் பின்னால் ஒரு படிகூட வரவில்லை.